முதல் வரிசை, முதல் இலை

கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, இவர் எப்போது மோருக்கு வருவார் என்று காத்திருக்காத தமிழர் யாரும் இருக்க முடியாது. நானும் நின்றிருக்கிறேன். அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு நின்றிருக்கிறேன், பெரியவளான பிறகு ஃபோனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றிருக்கிறேன். நாம் பின்னால் நிற்பது தெரிந்தும் அவர் சாவகாசமாக இரண்டாம் முறை சாம்பார் கேட்பார் பாருங்கள், அப்போது வருகிற கோபம் எனக்கு வேறு எந்தச் சமயத்திலும் வந்ததில்லை. (சம்பள உயர்வு கிடைக்காத வருஷம்கூட வரவில்லை.)

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று நான் ஒரு காலத்தில் கிளம்பினேன். கட்டவும் கட்டினேன். விளைவாக, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் நின்றார்கள். அதுவும் என் சொந்த அக்காவின் கல்யாணத்தில்.

நான் மேகலா. எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைப் பொட்டலம் கட்டி, அது ஓட வேண்டிய இடத்துக்கு அனுப்பி ஓட வைப்பது என் உத்தியோகம். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. யாராவது கேட்டால் அப்பா, "கம்ப்யூட்டர்ல பார்சல் வேல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அக்கா கல்பனாவுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். குறை ஒன்றும் கிடையாது. பயம் மட்டும் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தின் பெயர் தனகோட்டி.

தனகோட்டி மாமா மாப்பிள்ளையின் பெரியப்பா. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் வைத்திருப்பவர். அதனால் எங்களுக்கு அவர் காடாம்புலியூர் மாமா. மாப்பிள்ளைக்கு அப்பா கிடையாது. சின்ன வயதிலிருந்து சோறு போட்டு, படிக்கவைத்து, ஆளாக்கியது இவர்தான். தங்கமான மனிதர், ஆனால் சாப்பிடக் கூப்பிடும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி. முறையாகக் கூப்பிட வேண்டும், முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். தவறினால் சத்தம் போடமாட்டார், சண்டைக்கு நிற்கமாட்டார். எழுந்து போய்விடுவார். ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இவரைக் கூப்பிட மறந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில்கூட இறங்குவதில்லை என்று கேள்வி.

"கை நனைக்காம மட்டும் போயிடக் கூடாதும்மா" என்று அப்பா நிச்சயம் முடிந்த நாளிலிருந்தே புலம்ப ஆரம்பித்துவிட்டார். "அவரு மொத பந்தியில மொத எலையில உக்காந்து எழுந்துட்டார்னா போதும். மத்தவங்க எப்ப சாப்ட்டாலும் செரி. இல்லன்னு வையி, அந்த வீட்ல கல்பனாவுக்கு ஆயுசுக்கும் இதே பேச்சா இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் பந்தி பார்ப்பது சித்தப்பாவின் பரம்பரை உரிமை. சாப்பாட்டுக் கூடத்தின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நீங்க வாங்க, நீங்க இருங்க, யோவ் நீ இப்பதான சாப்ட்ட" என்று ஆளை எடைபோட்டு உள்ளே விடுவார். அவர் கண் ஒன்றும் அவ்வளவு துல்லியம் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மேல் மாடியில் நடந்த வேறொரு விசேஷத்துக்கு வந்தவர்களை ஒரு பந்தி முழுக்க உட்கார வைத்துச் சாப்பிடவைத்து, வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தனகோட்டி மாமாவை இவரிடம் ஒப்படைக்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

அங்கேதான் நான் வாயை விட்டேன்.

"அப்பா, இதுக்கு நான் ஒரு ஆப் பண்றேன்."

விஷயம் எளிது. மண்டப வாசலில் ஒரு கட்டம் போட்ட அட்டை. வருகிறவர் ஃபோனில் அதை ஸ்கேன் செய்து பெயரைப் போட்டால், எந்தப் பந்தி, எந்த வரிசை, எந்த இலை என்று வந்துவிடும். அவர் முறை வரும்போது ஸ்பீக்கரில் பெயர் சொல்லிக் கூப்பிடும். யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்க வேண்டாம். மிஷின் குரல் எல்லாப் பெயரையும் ஓரளவு ஒழுங்காகச் சொன்னது. காடாம்புலியூரைச் சொல்லும்போது மட்டும் அதற்குப் பல்லில் பாக்கு மாட்டிக்கொண்டது. முக்கியமான பெயரே அதுதான் என்பதால், அந்த ஒரு அழைப்பை மட்டும் அக்காவைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். அவள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே, "காடாம்புலியூர் மாமா, சாப்பிட வாங்க" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, "போதுமா? போ அந்தாண்ட" என்றாள். கேட்டால் தேன் மாதிரி இருந்தது. கூடவே சொன்ன 'போ அந்தாண்ட'வை வெட்டிவிட்டேன்.

இனி கொஞ்சம் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

என் ஆப் கன்டெய்னர் என்கிற பொட்டலத்துக்குள் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்ட ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியே யார் யார் இருக்கிறார்கள் என்பது நாம் சொன்னால்தான் தெரியும். அப்படி மூன்று அறைகளைக் கிளவுடில் ஏற்றினேன். கூட்டத்தில் ஒன்று மயங்கி விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். (ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு எதற்கு மூன்று என்று கேட்காதீர்கள். வேலை தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா.) ஆனால் எந்த இலையில் யார் என்கிற கணக்கு இந்த அறைகளுக்குள் இருக்கக் கூடாது. அது வெளியே, மெமரி ஸ்டோர் என்கிற ஒரே இடத்தில் இருக்கும். எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்துக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் சொல்லும் சமர்த்து அது. மூன்று அறைகளும் அதனிடம், "அடுத்த இலை எது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் விருந்தாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஸ்டோர் திடீரென்று கிடைக்காமல் போனால்? அதையும் யோசித்தேன். நான் யார். ஸ்டோர் கிடைக்காவிட்டால் அந்தந்த அறை தன் மனதுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொண்டு வேலையை ஓட்டட்டும், கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் 'பிழை ஏற்பட்டுள்ளது' என்று காட்டினால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்தேன். இதை எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு டீ போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் உலாவினேன். அவ்வளவு திருப்தி.

கல்யாணத்தன்று காலையில் லேப்டாப் திரையில் எல்லாம் பச்சை விளக்கு காட்டியது. தாலி கட்டியாயிற்று. தனகோட்டி மாமா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாயசத்துக்கு வேண்டிய முந்திரி முழுவதும் அவர் தோப்பிலிருந்து வந்தது. பலாப்பழங்களும் அவர் கொண்டு வந்ததுதான், மண்டபம் முழுக்க வாசனை. நான் அவர் ஃபோனை வாங்கி, என் கையாலேயே ஸ்கேன் செய்து பெயரைப் போட்டேன். முதல் பந்தி, முதல் வரிசை, முதல் இலை.

"பாத்தீங்களா மாமா, உங்களுக்குத்தான் மொத எலை. பேர் சொல்லிக் கூப்புடும், அப்ப வந்தா போதும்."

"அப்டியா? மிஷினே கூப்புடுமா? பரவால்லியே" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தூரத்தில் நின்ற அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 'கம்ப்யூட்டர்ல பார்சல் வேல'க்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்த நேரம் அது.

சாப்பாட்டுக் கூடம் திறந்தது. ஸ்பீக்கர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. முதல் பெயர் மங்கலம்பேட்டை அத்தையுடையது. அப்பாவின் அக்கா, முழங்கால் வலிக்காரர். அவர் எழுந்து போனார். பிறகு யார் யாரோ போனார்கள். தனகோட்டி மாமாவின் பெயர் மட்டும் வரவில்லை. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். ஸ்பீக்கர் அவரைப் பார்க்கவில்லை.

சரி, வரிசையில் ஏதோ கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கும் என்று நினைத்து, நானே போய் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் வரிசையின் முதல் இலையில் மங்கலம்பேட்டை அத்தை உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, இது மாமா எடம். நீங்க எங்க..."

அத்தை ஃபோனைத் தூக்கிக் காட்டினார். முதல் பந்தி, முதல் வரிசை, முதல் இலை. பச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் வீடியோக்காரர் ஒருவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் மிகுந்த பணிவோடு ஃபோனைக் காட்டினார். முதல் பந்தி, முதல் வரிசை, முதல் இலை.

"ஃபோன்ல எனக்குத்தான் வந்துருக்கு. பேரும் எனக்குத்தான் கூப்டுச்சு" என்றார் அத்தை. "எலை போட்டு தண்ணி தெளிச்சாச்சு. எலையில உக்காந்தவள எழுப்புவியா நீ? உங்கொப்பன வரச் சொல்லு, அவன் எழுப்பட்டும் பாக்கலாம்."

நான் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தேன். எல்லா வரிசையிலும் இதே கதை. ஒவ்வொரு இலைக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஃபோனை நீட்டிக்கொண்டு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் பின்னால் நிற்பவர்களுக்குப் பேச வாய் இருக்காது, ஒரு சங்கடம் இருக்கும். இப்போது கையில் ஆதாரம் இருந்தது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர், "ஏங்க, இது ட்ரெயின்ல ஆர்ஏசி மாதிரியா? பாதி பாதி உக்காரணுமா?" என்று என்னிடமே கேட்டார்.

கதவோரம் சாய்ந்து நின்ற சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "என்னா பாப்பா, உம் மிஷினுக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். கல்யாண மாப்பிள்ளைகூட அன்று அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

தனகோட்டி மாமா அத்தையின் இலையை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் பாயசம் ஊற்றிக்கொண்டு போனார்கள். முழு முந்திரி மிதந்தது.

"பெரியவுங்க, சாப்டட்டும்மா" என்றார் மெதுவாக. "எம் முந்திரிதான. யாரு சாப்ட்டா என்னா."

திரும்பி நடந்தார். அவர் குரல் அவ்வளவு சாந்தமாக இருந்ததைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "அய்யோ, போச்சு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நானும் ஓடினேன், லேப்டாப்பை எடுக்க. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் லேப்டாப். மணமகள் அறையில் சிக்னல் இல்லை. மண்டபத்தின் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஃபோனிலிருந்து நெட் வாங்கித் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்போதும் பச்சை விளக்கு. ஒரு பிழை இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. மூன்று கன்டெய்னர்களும் அமோகமாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்றுமே ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாக முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தன. மெமரி ஸ்டோர் பக்கம் ஒன்றுகூடப் போகவே இல்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் பந்தி நடத்தியிருக்கிறார்கள்.

காரணம் ஒரே ஒரு வரி. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவில் நெட் படுத்திய பாட்டில், சோதித்துப் பார்ப்பதற்காக ஸ்டோரை என் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டு, அதன் விலாசத்தை 'இதே மிஷின்' என்று எழுதியிருந்தேன். ஆப்பும் ஸ்டோரும் ஒரே லேப்டாப்பில் இருந்ததால் பிரமாதமாக ஓடியது. அதே வரியோடு பொட்டலம் கட்டி மேலே ஏற்றிவிட்டேன். கன்டெய்னருக்குள் போனபிறகு 'இதே மிஷின்' என்றால் அந்த அறைதான். மூன்று பேரும் தங்கள் அறைக்குள்ளேயே ஸ்டோரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் மனக்கணக்கில் இறங்கிவிட்டார்கள். மனக்கணக்கு ஏற்பாட்டைச் செய்து வைத்த புத்திசாலி யார் என்று உங்களுக்குத் தெரியும். அது மட்டும் இல்லாதிருந்தால் காலையிலேயே எல்லாம் சிவப்பு காட்டியிருக்கும், நானும் காலையிலேயே சரிசெய்திருப்பேன். மாமாவின் பெயரை ஸ்பீக்கர் ஏன் கூப்பிடவில்லை என்பதும் புரிந்தது. ஸ்பீக்கர் ஓர் அறையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது, மாமாவின் பெயர் வேறு அறையில் இருந்தது.

இந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பது நான்தான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தேன். வாசலில் காடாம்புலியூர் வேன். தனகோட்டி மாமா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்பா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, பொண்ணு புதுசா உங்க வீட்டுக்கு வர்ற நாளு. நீங்க இப்டி போனா..."

"நான் ஒண்ணும் கோவமா போவலீங்க. தோப்புல வேல ஜாஸ்தி. வண்டிய எடுப்பா."

அப்பா அழுதுவிடுவார் போல இருந்தது. வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அப்படியே நின்றார். நான் திரைக்குத் திரும்பி, விலாசத்தை மாற்றினேன். வெளியே இருக்கும் ஸ்டோரின் சரியான விலாசத்தைப் போட்டு, மூன்று கன்டெய்னர்களையும் நிறுத்திப் புதிதாகக் கிளப்பினேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் மறுக்கப்பட்டது. பிறகுதான் உறைத்தது. பாதுகாப்புக்காக அந்த ஸ்டோரின் வாசலில் ஒரு காவல் போட்டிருந்தேன். எங்கள் வீட்டு நெட்டிலிருந்து வருபவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாதே என்று அதற்கு உத்தரவு. கன்டெய்னர்கள் எங்கள் வீட்டிலா இருக்கின்றன? என் சொந்த ஆட்களையே நான் வைத்த காவல்காரன் துரத்திக்கொண்டிருந்தான்.

'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று கதவை அகலத் திறந்துவிட்டேன். (ஆபீசில் யாராவது பார்த்திருந்தால் என் சீட்டு கிழிந்திருக்கும்.) மூன்று கன்டெய்னர்களும் உள்ளே போய் ஸ்டோரைத் தொட்டன. இந்த முறை வந்த பச்சை நிஜமான பச்சை.

மறுகணம் மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கர்களும், வாசலில் கட்டியிருந்த பெரிய ஸ்பீக்கர் உட்பட, அக்காவின் குரலில் பேசின.

"காடாம்புலியூர் மாமா, சாப்பிட வாங்க."

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் வந்தது.

"காடாம்புலியூர் மாமா, சாப்பிட வாங்க."

மறுபடியும். மறுபடியும். அக்காவின் குரல் கொஞ்சம்கூடச் சலிக்காமல், அதே தேனோடு, அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். பிறகு புரிந்தது. நெட் கெடுவதற்கு முன்னால், முதன்முதலில் இந்த ஸ்டோரை வாங்கி வைத்தபோது, அக்காவின் குரல் சரியாக வருகிறதா என்று பார்க்க மாமாவின் பெயரையே திரும்பத் திரும்ப வரிசையில் போட்டிருந்தேன். அன்று ஸ்பீக்கர் இணையவில்லை, சத்தம் வரவில்லை. வராததால் பட்டனை இன்னும் பல முறை அழுத்தினேன். பிறகு அதை மறந்தே போனேன். ஸ்டோர் மறக்கவில்லை. யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அத்தனையையும் பத்திரமாக வைத்திருந்து, முதல் ஆள் உள்ளே வந்ததும் ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கோபமாகக் கிளம்புகிற மனிதரை ஊர் கேட்க இப்படிக் கூப்பிட்டால் கிண்டல் என்று நினைக்கமாட்டாரா? வரிசையை அப்படியே அழித்துவிட வேண்டியதுதான் என்று கட்டளையை அடித்துவிட்டேன். கடைசி பட்டனை அழுத்த வேண்டியது மட்டும் பாக்கி. கீழே ஒரு முறை எட்டிப் பார்த்தேன்.

வேன் நகரவில்லை. ஜன்னல் வழியாக மாமாவின் தலை வெளியே வந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸோடு இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"யாரு கூப்புடுறது?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு இந்த ஆப்பைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் பெண்ணின் குரல் தெரியாதா? "கல்பனாங்க. உங்க மருமவதான்" என்றார்.

"காடாம்புலியூர் மாமா, சாப்பிட வாங்க."

"மேடையில உக்காந்துகிட்டா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காடாம்புலியூர் மாமா, சாப்பிட வாங்க."

நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். அந்த நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மாமா வேனை விட்டு இறங்கினார். இறங்கியவர் நேராக உள்ளே போகவில்லை. வேட்டியைச் சரிசெய்தார். ஓர் அழைப்பு வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னோர் அழைப்பு வந்தது. டீக்கடைக்காரர்களைப் பார்த்து, 'பாருங்கள் என்ன தொந்தரவு' என்பதுபோல் கையை விரித்தார். "மருமவ வுட மாட்டேங்குது" என்றார். பிறகு அழைப்புக்கு ஓர் அடி வீதம் எடுத்து வைத்து, ஒரு பெரிய மனிதருக்குரிய நிதானத்தோடு மண்டபத்துக்குள் வந்தார். அப்பா முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

மேடையில் அக்கா மாலையும் கழுத்துமாக வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தாளாம். மாப்பிள்ளை அவள் வாயையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். மாமா மேடையைக் கடக்கும்போது அவளைப் பார்த்து, "வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்" என்று கையை உயர்த்தினார். அவளும் புரிந்தோ புரியாமலோ எழுந்து நின்று கும்பிட்டாள்.

முதல் இலையில் மங்கலம்பேட்டை அத்தை அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். சித்தப்பா துடைத்துப் புது இலை போட்டு (அந்தக் குரலைக் கேட்டால் அவருக்கும் பயம்தானே), மாமாவை உட்கார வைத்தார். மாமா சாம்பாருக்குப் பிசையும்போதும் ஸ்பீக்கர் கூப்பிட்டது. ரசத்துக்கும் கூப்பிட்டது. பாயசத்தில் தன் முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவர், "சாப்ட்டுகிட்டுதாம்மா இருக்கேன்" என்று ஸ்பீக்கருக்குப் பதில் சொன்னார். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குள் கீழே இறங்கி வந்திருந்த நான், அவர் சிரித்து அப்போதுதான் முதலில் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அது சந்தோஷமா பயம் தெளிந்ததா தெரியவில்லை.

மிச்சப் பந்திகளைச் சித்தப்பா பழையபடி கதவைப் பிடித்துக்கொண்டு நடத்தினார். நான் ரசவாளியோடு பரிமாறப் போனேன். போன இடமெல்லாம், "ஏம்மா, எனக்கு எத்தனாவது ரசம்? டோக்கன் எடுக்கணுமா?" என்று கேட்டார்கள்.

நடந்தது என்ன என்று தனகோட்டி மாமாவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவதாக அப்பா மிரட்டி வைத்திருக்கிறார். மாமா போகிற இடமெல்லாம், மருமகள் மணமேடையில் இருந்தபடி தன்னை எத்தனை தரம் கூப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறது. அக்காவுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வராவிட்டால், "என்னா, ஸ்பீக்கர்ல கூப்புடணுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் மட்டும் அதைக்கூடக் கேட்பதில்லை, "பச்சை லைட்டு எரியுதா பாரு" என்கிறார்கள்.

போன மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டிலேயே, நெருங்கிய சொந்தம் மட்டும். சாப்பாடு மொட்டை மாடியில். எல்லாரும் மேலே போயாயிற்று, தனகோட்டி மாமா மட்டும் கூடத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா போய்க் கூப்பிட்டார். சித்தப்பா போய்க் கூப்பிட்டார். "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றார். கடைசியில் அக்காவே இரண்டு கை நிறைய வளையலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"மாமா, சாப்பிட வாங்க."

அவர் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "மேகலா, அந்த மிஷினு எடுத்தாரலயா?" என்று கேட்டார்.

"எதுக்கு மாமா மிஷினு? நான்தான் நேர்லயே வந்து கூப்புடுறேனே" என்றாள் அக்கா.

"நீ கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார் மாமா. "தெருவுக்குக் கேக்கலியே."